கடல்நாய்க் குட்டியின் இரத்தம்

நாடி பிடித்து நோயறிவது நம் மருத்துவர்களின் பழைய வழக்கம். சீல் என்னும் கடல்நாயின் குட்டி உண்டிருக்கிறதா, பசித்திருக்கிறதா என்பதை அறிய விஞ்ஞானிகள் அதன் இரத்தத்திலுள்ள கொழுப்பை ஆராய்கின்றனர். அம்முறையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

கடல்நாய் மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. பசுவின் பாலில் நூற்றுக்கு 4 பங்கு கொழுப்பு உண்டு. வட அட்லாண்டிக் கடலின் பனிப்பாளங்களில் ஈனும் முக்காட்டுக் கடல்நாயின் பாலிலோ ஏறத்தாழ 60 பங்கு! தாய் பாலூட்டுவது சுமார் 4 நாட்களே. அதற்குள் 22 கிலோ அளவிலிருந்த குட்டி 45 கிலோ அளவுக்குக் கொழுத்துவிடுகிறது, தாயும் பிரிந்துவிடுகிறது. கலிபோர்னியாக் கரையிலுள்ள யானைக் கடல்நாயின் குட்டியோ சுமார் 4 வாரம் பால் குடித்தபின், இரண்டு மாதங்களுக்கு மேல் உணவின்றிக் கிடக்கும். தோலின்கீழ்ச் சேர்த்த கொழுப்பே அப்பொழுது அதற்குக் கட்டுச்சோறு.

அப்படியானால், இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்தால் குட்டி வயிறார உண்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. கொழுப்பு இரத்தத்தை அடைய இரண்டு வழிகள் உள்ளன. பால் குடித்த குட்டியின் குடல், கொழுப்பை நுண்ணிய உருண்டைகளாக்கி அனுப்புகிறது. இவற்றுக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். இரத்தத்தின் செவ்வணுக்களைப் பிரித்து நீக்கினால், எஞ்சும் நீர்ப்பகுதி பால்போல் வெளுத்திருக்கும். பட்டினி கிடக்கும் குட்டியிலோ, சேமித்த கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்களாகிறது. அவை ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் செல்லும்; அவற்றால் அந்நீர்ப்பகுதி வெளுப்பதில்லை. ஆகவே, மொத்தக் கொழுப்பை மட்டும் அளந்தால் உண்ட குட்டியையும் உண்ணாத குட்டியையும் ஒன்றாகக் கருதிவிட நேரும். எவ்வளவு என்பதோடு எவ்வகை என்றும் கேட்க வேண்டும்.

எவ்வகை என்ற கேள்வி மற்றொன்றையும் விளக்குகிறது. கடல் மீன்களில் காணும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் தாயின் உடலில் சேர்ந்து, பாலின் வழியே குட்டியையும் அடைகின்றன. கடல்நாயின் தோலடிக் கொழுப்பிலுள்ள இவ்வமிலங்களின் விகிதத்தைக் கொண்டு அது உண்ட இரையைக் கணக்கிடும் முறையைக் கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஐவர்சனும் அவருடைய குழுவினரும் 2004-இல் விரிவாக வெளியிட்டனர்.

கொழுப்பின் சான்று மட்டும் போதாது. பட்டினி நீண்டு சேமிப்புக் கரைந்துவிட்டால், உடல் தன் தசைப் புரதத்தையே எரிக்கத் தொடங்கும். அப்பொழுது இரத்தத்தில் யூரியா உயரும். வழக்கமான நோன்பையும் உயிருக்கு உலைவைக்கும் பட்டினியையும் பிரித்தறிய இவ்வளவீடும், குட்டியின் எடையும் உதவுகின்றன.

இந்த ஆராய்ச்சியினால் பயன் என்ன? கடலுக்கடியில் இரை தேடும் பிராணியைப் பின்தொடர்ந்து செல்வது நமக்கு எளிதன்று. மெலிந்த நிலையில் தாயைப் பிரியும் குட்டி முதலாண்டைக் கடந்து பிழைப்பது அரிது. மீன்வளம் குன்றினால் அந்த மெலிவு குட்டிகளின் உடலில் தோன்றும். சில துளி இரத்தத்தைக் கொண்டு அதனை முன்னரே உணர முடிந்தால், குட்டிகள் மடிந்தபின் எண்ணிக் கணக்கெடுக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.