தறியிலிருந்து தொழிற்பேட்டைக்கு: மாற்றத்தின் அச்சமும் தற்பரிவும்

மாற்றத்தைக் கண்டு அஞ்சுவது நோய் அன்று. பழகிய வாழ்க்கை கலையும்போது உடலும் மனமும் தரும் இயல்பான எச்சரிக்கை அது. தொழில் மாறினாலும், ஊர் மாறினாலும், உணவுப் பழக்கத்தை மாற்றும்படி மருத்துவர் சொன்னாலும் அந்த எச்சரிக்கை ஒலிக்கும். அது மாதக்கணக்கில் நீண்டு தூக்கத்தைக் கெடுத்து, எடுக்கவேண்டிய அடியையும் எடுக்கவிடாமல் செய்யும்போது உடல்நலச் சிக்கலாகிறது. இந்தத் தயக்கத்தைக் கடக்க உதவுவனவாக உளவியல் இரண்டைச் சொல்கிறது. ஒன்று தற்பரிவு, அதாவது தன்னிடமே கனிவாக நடந்துகொள்வது. மற்றொன்று விழுமியம், அதாவது வாழ்க்கையில் எது முக்கியம் என்று ஒருவர் கருதுகிறாரோ அது.

பள்ளிப்பட்டு: இரண்டு வாழ்க்கை முறைகளுக்கு நடுவே

இப்படியொரு மாற்றம் நடக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்த பகுதி இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் நெசவு தலைமுறைத் தொழில். கைத்தறி இருந்த பல வீடுகளுக்கு விசைத்தறி வந்தது. அடுத்த தலைமுறையின் முன்னே இப்போது தொழிற்பேட்டை நிற்கிறது. மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களும், தெற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளும் உள்ளன.

தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போவது சம்பளக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. தறி இருக்கும் வீட்டில் வீடும் வேலையிடமும் ஒன்று. ஒருவர் நெய்ய, மற்றவர் தார் சுற்ற, பெரியவர் பாவு நூலைப் பார்த்துக்கொள்ள, குடும்பமே ஒரு தொழிற்கூடமாக இயங்கும். கூலி குறைவாக இருந்தாலும் எப்போது தறியில் இறங்குவது, எப்போது எழுவது என்பது பெரும்பாலும் நெய்பவரின் கையில் இருக்கும். தொழிற்சாலையில் மணி அடித்தால் உள்ளே இருக்கவேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு இருபத்தைந்து வயது மேற்பார்வையாளர் வேலை சொல்வார். வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும், அதோடு தூக்கமும் மாறும். இத்தனை நாள் கையில் இருந்த திறமைக்கு அங்கே மதிப்பில்லை என்ற எண்ணமும் எழலாம். எனவே போகத் தயங்குபவரைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் இழக்கப்போவது என்னவென்று அவருக்குத் தெரியும்.

அச்சத்தின்போது உடலில் நடப்பது

ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, வயிறு கலங்குகிறது. தொடர்ந்து கார்டிசால் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது. எதிர்த்து நிற்க அல்லது தப்பி ஓட உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இதை விளக்கினார்.

பாம்பைக் கண்டால் இந்த ஆயத்தம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ‘புது வேலையில் என்ன ஆகுமோ’ என்ற நினைப்பு வாரக்கணக்கில் நீடிக்கும், ஆயத்தமும் அதோடு நீடிக்கும். தூக்கமின்மை, தலைவலி, கழுத்து இறுக்கம், செரிமானக் கோளாறு, எரிச்சல் ஆகியவை அதன் வெளிப்பாடுகள். ஏற்கெனவே சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் கட்டுப்பாடு தளரக்கூடும்.

மனம் ஏன் பழையதையே பற்றுகிறது

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979-இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலையும் வருத்தம் பெரிது என்பது அதன் சாரம். மாற்றத்தில் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். பலன் பின்னால் வரும், வராமலும் போகலாம். அதனால் மனத்தின் தராசு பழைய பக்கமே சாய்கிறது. தெரிந்த கஷ்டம் தெரியாத சௌகரியத்தைவிடப் பாதுகாப்பாகத் தோன்றுவது இதனால்தான்.

மருத்துவத்திலும் இதே தயக்கம் உண்டு. மாத்திரையால் சர்க்கரை கட்டுப்படாதபோது இன்சுலின் போடவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவர். ஊசியின் வலியைவிட, ‘நோய் முற்றிவிட்டது’, ‘நான் ஒழுங்காக இல்லை’ என்ற எண்ணங்களே அவர்களைத் தடுக்கின்றன. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் காலப்போக்கில் கணையத்தின் சுரப்புத் திறன் குறைவது இயல்பு. குறைந்ததை வெளியிலிருந்து ஈடு செய்வதுதான் இன்சுலின் ஊசி. அது தண்டனை அன்று. தொழில் மாற்றமாயினும் மருந்து மாற்றமாயினும், அச்சத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிட்டால் தயக்கம் இரட்டிப்பாகிறது.

திட்டினால் திருந்துமா

தன்னைத் தானே கடிந்துகொண்டால்தான் முன்னேற முடியும் என்பது பரவலான நம்பிக்கை. ‘மற்றவனெல்லாம் போய்ச் சம்பாதிக்கிறான், நீ மட்டும் ஏன் இப்படி’ என்று வீட்டார் சொல்லும் சொல், நாளடைவில் மனத்துக்குள் தன் குரலாகவே ஒலிக்கத் தொடங்கும். உடலைப் பொறுத்தவரை வசை வெளியிலிருந்து வந்தாலும் உள்ளிருந்து வந்தாலும் அது தாக்குதல்தான். அதே எச்சரிக்கை மணிதான் அடிக்கும். அதைத் தாங்க முடியாத மனம் அந்த விஷயத்தையே தவிர்க்கப் பார்க்கும். விண்ணப்பம் நிரப்பப்படாமல் கிடக்கும். ரத்தப் பரிசோதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். சிலர் மதுவை நாடுவர். தவிர்ப்பதால் அப்போதைக்கு ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே தவிர்க்கும் பழக்கத்தை வளர்த்துவிடுகிறது.

தற்பரிவின் மூன்று கூறுகள்

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தற்பரிவை மூன்று கூறுகளாக வரையறுத்தார்.

முதலாவது, தன்னிடம் கனிவு. தவறு செய்த நண்பரிடம் எந்தச் சொல்லில், எந்தத் தொனியில் பேசுவோமோ அதே சொல்லையும் தொனியையும் தனக்கும் தருவது.

இரண்டாவது, பொதுமை உணர்வு. ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் மனிதரைத் தனிமைப்படுத்தும். தறியை விட்டு முதல் நாள் கம்பெனி வண்டியில் ஏறிய பலருக்கும் வயிறு கலங்கியிருக்கும் என்று நினைக்கும்போது, அந்தக் கலக்கம் குறையாக இல்லாமல் மனித இயல்பாகிறது.

மூன்றாவது, விழிப்பான கவனம். அச்சத்தை அமுக்காமலும் பெரிதாக்காமலும் ‘இப்போது பயமாக இருக்கிறது’ என்று உள்ளபடி கவனிப்பது.

தற்பரிவு தன்னிரக்கம் ஆகாது. தன்னிரக்கம் தன் துன்பத்துக்குள்ளேயே சுழலும். தற்பரிவு துன்பத்தை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து எழ வழி தேடும். அது சாக்குப்போக்கும் ஆகாது. கலிபோர்னியாவில் உளவியலாளர்கள் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இதைக் காட்டுகிறது. கடினமான தேர்வில் தோற்றவர்களில், தோல்வியைத் தற்பரிவோடு பார்க்கும்படி வழிகாட்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தனர். திட்டு விழாது என்று தெரிந்த மனம் தன் குறையைத் துணிந்து பார்க்கிறது, திருத்தவும் முற்படுகிறது.

விழுமியமும் இலக்கும்

இலக்கு அடைந்தால் முடிந்துவிடும், விழுமியம் முடிவதில்லை. ‘இந்த ஆண்டு வேலை நிரந்தரமாகவேண்டும்’ என்பது இலக்கு. ‘பிள்ளைகளுக்குப் பொறுப்பான தந்தையாக இருக்கவேண்டும்’, ‘செய்யும் வேலையில் நேர்த்தி வேண்டும்’, ‘யாரிடமும் கை நீட்டாமல் வாழவேண்டும்’ என்பவை விழுமியங்கள். இலக்கு தவறினால் ஏமாற்றம் வரும். விழுமியத்தின் வழியில் இன்றைக்கும் ஓர் அடி வைக்க முடியும்.

மாற்றத்தில் தொலைவது பெரும்பாலும் தொழிலின் வடிவம். அதற்குள் இருந்த விழுமியம் கூடவே வரும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடித்துப் பிணைக்கும் கவனம், தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவிலும் பயன்படும். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு ‘தறிக்காரன்’ என்பது மட்டும் பதிலாக இருந்தால் தறி போகும்போது தானும் போய்விட்டதாகத் தோன்றும். ‘நேர்த்தியாக வேலை செய்பவன்’ என்பதும் பதிலாக இருந்தால் நிற்க இடம் இருக்கும். அதுபோல, வேண்டாம் என்று முடிவெடுக்கவும் விழுமியம் உதவும். குடும்பத்தோடு இருப்பதே பெரிதென்று எண்ணித் தறியிலேயே தொடர்பவர் எடுப்பது தெளிந்த முடிவு. அச்சத்தால் நின்றுவிடுவது வேறு.

விழுமியத்தை நினைப்பது உடலிலும் எதிரொலிக்கிறது. உளவியலாளர் டேவிட் கிரெஸ்வெல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் தரும் பணிக்கு முன்பு தமக்கு முக்கியமான விழுமியத்தைப் பற்றிச் சிந்தித்தவர்களுக்குக் கார்டிசால் எழுச்சி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து பயிற்சிகள்

தற்பரிவையும் விழுமியத்தையும் இணைத்து உலக சுகாதார நிறுவனம் 2020-இல் மன அழுத்தத்துக்கான படக் கையேடு ஒன்றை வெளியிட்டது. உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய ஏற்பு–உறுதிச் சிகிச்சை முறை அதன் அடிப்படை. உகாண்டாவில் தங்கிய தென்சூடான் அகதிப் பெண்களிடையே சோதித்துப் பார்க்கப்பட்ட முறை இது. நாளுக்குச் சில நிமிடங்கள் போதும்.

1. கால் ஊன்றுதல்: அச்சம் சுழற்றும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, மெதுவாக மூச்சுவிட்டு, கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் கவனித்து, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புதல்.

2. கொக்கியிலிருந்து விடுபடுதல்: ‘என்னால் முடியாது’ என்ற எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காமல், ‘என்னால் முடியாது என்ற எண்ணம் வந்திருக்கிறது’ என்று அதற்குப் பெயரிட்டு விலகி நிற்றல்.

3. விழுமியத்தின்படி நடத்தல்: முக்கியமான ஒரு விழுமியத்தைத் தேர்ந்து, இந்த வாரத்தில் அதற்காகச் செய்யக்கூடிய மிகச் சிறிய செயல் ஒன்றைச் செய்தல். ஏற்கெனவே தொழிற்சாலை வேலையில் இருப்பவரிடம் ஒருமுறை பேசிப்பார்ப்பதும் அப்படிப்பட்ட செயல்தான்.

4. கனிவு: தடுமாறும் நேரத்தில் நெஞ்சில் கைவைத்து, வேண்டியவருக்குச் சொல்லும் ஆறுதலைத் தனக்கும் சொல்லுதல்.

5. இடம் கொடுத்தல்: அச்சம் முழுதும் போகட்டும் என்று காத்திராமல், அதையும் கூட வைத்துக்கொண்டே நடத்தல்.

மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. மாற்றத்தை நினையாத நிலை, யோசிக்கும் நிலை, ஆயத்தம், செயல், தொடர்தல் என்று உளவியலாளர்கள் ஜேம்ஸ் ப்ரோசாஸ்காவும் கார்லோ டிகிளெமென்டேயும் அதைப் படிநிலைகளாகப் பிரித்தனர். பின்னுக்கு நழுவுவதும் அந்தப் பாதையில் சேர்ந்ததே. இரண்டு வாரம் நடந்துவிட்டு மூன்றாம் வாரம் நடைப்பயிற்சியை விட்டவர், மறுபடி தொடங்கினால் போதும்.

குடும்பத்தார் கவனிக்கவேண்டியவை

ஒப்பிட்டுப் பேசுவதும் அவசரப்படுத்துவதும் எதிர்ப்பை வளர்க்கும். ‘போயே ஆகவேண்டும்’ என்று ஒருவர் வற்புறுத்தினால், போகாமல் இருப்பதற்கான காரணங்களைத்தான் மற்றவர் அடுக்குவார். ‘எது உங்களுக்குக் கஷ்டமாகத் தெரிகிறது?’, ‘மாறினால் நல்லது எதுவும் உண்டென்று தோன்றுகிறதா?’ என்ற கேள்விகள் அவரையே யோசிக்கவைக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குப் பகலில் இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஏழு மணி நேரமாவது தூங்க வழி செய்வது, எந்த அறிவுரையையும்விட உதவும்.

மருத்துவ உதவி எப்போது

இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் சோர்வு, எதிலும் விருப்பமின்மை, தூக்கமோ பசியோ கெடுதல், திடீர்ப் படபடப்பு, மதுவைக் கூட்டிக்கொண்டே போதல் ஆகியவை இருந்தால் தற்பரிவுப் பயிற்சி மட்டும் போதாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே மனநல மருத்துவரைப் பார்க்க வழிகாட்டுவர். மத்திய அரசின் டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த மனிதரைத் தனியே விடாமல் உடனே உதவி பெறவேண்டும். மார்பு வலி, மூச்சுத் திணறல் போன்றவற்றைப் பயம்தான் என்று தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.