குடும்பக் கணக்குக்கு எந்தக் கருவி?

குடும்பக் கணக்கு என்பதில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. செலவான பணம் எங்கே போனது என்று பதிவது முதல் வேலை. வரப்போகும் பணத்தில் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்குவது இரண்டாவது. இருப்பு, கடன், நகை, முதலீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக் குடும்பத்தின் நிலையை அறிவது மூன்றாவது. நோட்டுப் புத்தகம், விரிதாள், கைபேசிச் செயலி, கணக்கியல் மென்பொருள் ஆகியவை இவற்றை ஒரே அளவில் செய்வதில்லை. இவற்றில் எந்த வேலை தேவை என்பது தெளிவானால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தின் பலம் முதல் வேலையில் இருக்கிறது. கையால் எழுதும்போது ஒவ்வொரு தொகையும் ஒருமுறை மனத்தில் பட்டுப் போகிறது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் வெளியிட்ட குடும்பக் கணக்கேட்டிலிருந்து வளர்ந்த ‘ககெய்போ’ முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ரொக்கச் செலவு, கைமாற்று, பால் கணக்கு போன்றவற்றுக்கு நோட்டே போதும். குறை, கூட்டலில் தெரியும். ஆறு மாதத்தில் மருந்துக்கு எவ்வளவு போனது என்று பார்க்க, பக்கம் பக்கமாகப் புரட்டித் தனியே கூட்ட வேண்டும். நோட்டு தொலைந்தால் மறுபிரதியும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது விரிதாள். தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் 1979-இல் வந்தது. இன்று எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபிஸ் கால்க் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. தேதி, விவரம், தலைப்பு, வரவு, செலவு, எந்தக் கணக்கு என்று ஆறு பத்திகள் இருந்தால் தொடங்கிவிடலாம். தலைப்புவாரியாகக் கூட்டுவதை மென்பொருளே செய்துவிடும். பல வங்கிகள் கணக்கு அறிக்கையை எக்செல் வடிவில் தருவதால் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யவும் வேண்டாம். வீட்டுக்கு ஏற்றபடி தலைப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் உட்கார்ந்து பதிய ஒருவர் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

செயலிகளில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு செலவையும் பயனரே பதிய வேண்டும். அது கைபேசிக்குள் வந்த நோட்டு. கூட்டலை மட்டும் தானே செய்யும். இரண்டாவது வகை, வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகப் பதிந்துகொள்ளும். உழைப்பு குறைவு, பிழை அதிகம். கிரெடிட் கார்டில் 4,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் அப்போது ஒரு செய்தி வரும். மாத முடிவில் கார்டு பாக்கியைக் கட்டும்போது இன்னொன்று வரும். செயலி கவனமாக இல்லையென்றால் செலவு 8,000 ஆகிவிடும். ஏ.டி.எம்-இல் எடுத்த ரொக்கம் காய்கறிக்குப் போனதா, வாடகைக்குப் போனதா என்பது அதற்குத் தெரியாது. யு.பி.ஐ-யில் கடைக்காரரின் சொந்தப் பெயருக்குப் பணம் போனால் அது மளிகையா, கைமாற்றா என்று பிரிக்கவும் முடியாது. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி ஓ.டி.பி-யையும் செயலியின் கண்ணில் படச் செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது வகை ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ என்ற இடைநிலை நிறுவனம் வழியாக இயங்குகிறது. இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்டது. 2021-இல் வங்கிகள் இதில் இணையத் தொடங்கின. எந்த விவரம், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று வாடிக்கையாளர் சம்மதம் தந்த பிறகே வங்கி தகவலை அனுப்பும். தகவல் பூட்டிய வடிவில் செல்வதால் இடையில் நிற்கும் அக்ரிகேட்டர் அதைப் படிக்க முடியாது. தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. இந்த வழியில் போகும் செயலி வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கத் தேவையே இல்லை. கேட்டால் அந்த இடத்திலேயே விலகிவிட வேண்டும்.

மூன்றாவது வேலையான முழுநிலைக் கணக்குக்கு இரட்டைப் பதிவு முறையே பொருத்தமானது. லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விளக்கிய முறை இது. ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று இரண்டு இடத்தில் பதிவாகும். இலவச மென்பொருளான குனுகேஷ் இப்படி இயங்குகிறது. பழக நாளாகும். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் சில கணக்குகள் இதில்தான் சரியாக உட்காரும். ஏலச்சீட்டுக்குக் கட்டும் பணம், சீட்டை எடுக்கும்வரை சேமிப்பு. எடுத்த பிறகு கட்டுவது கடன் தவணை. சாதாரணச் செயலி இரண்டையும் செலவு என்றே எழுதும். மொய்யும் அப்படித்தான். திரும்பச் செய்யவேண்டிய மொய் ஒரு கடன். செய்துவைத்த மொய் வரவேண்டிய பாக்கி. நகைக்கடனில் அசலைத் திருப்புவது கடனைக் குறைக்கும். வட்டி மட்டுமே செலவு.

எந்தக் கருவியானாலும் அது நிலைக்குமா என்ற கேள்வி முக்கியமானது. அமெரிக்காவில் 2007-இல் தொடங்கி லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மிண்ட் செயலியை, அதை வாங்கிய இன்ட்யூட் நிறுவனம் 2024-இல் மூடிவிட்டது. பழைய கணக்கு முழுவதும் கையில் இருக்க வேண்டுமானால் அதற்குமுன் பதிவுகளைத் தரவிறக்கி வைத்திருக்க வேண்டும். ஆகவே பதிவுகளை எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். இலவசச் செயலிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டியதே. கடனும் காப்பீடும் விற்பதுதான் அதன் தொழில் என்றால், செலவு விவரம் அந்த விற்பனைக்கே பயன்படக்கூடும். செலவுக் கணக்குக்குத் தொடர்புப் பட்டியலோ புகைப்படங்களோ தேவையில்லை. அவற்றுக்கு அனுமதி கேட்கும் செயலியைத் தவிர்ப்பது நல்லது.

ரொக்கத்தில் வரவு செலவு நடத்தும் சிறு வியாபாரிக்கு நோட்டோ, கையால் பதியும் செயலியோ போதும். மாதச் சம்பளம் வாங்கி, பெரும்பாலும் யு.பி.ஐ-யில் செலவழிக்கும் குடும்பத்துக்கு வங்கி அறிக்கையும் விரிதாளும் பொருந்தும். கணவன், மனைவி இருவரும் செலவு செய்யும் வீட்டில் இருவரும் பதியக்கூடிய பொதுத் தாள் இருக்க வேண்டும். சீட்டு, நகைக்கடன், வீட்டுக்கடன், பரஸ்பர நிதி என்று பல கிளைகள் உள்ளவர்களுக்கு இரட்டைப் பதிவு உதவும். தேர்ந்த கருவியை மூன்று மாதம் பயன்படுத்தி, ஒவ்வொரு மாத முடிவிலும் அது காட்டும் இருப்பை வங்கி இருப்போடும் கையிருப்போடும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் மாதாமாதம் வளர்ந்தால் பதிவு விட்டுப்போகிறது என்று பொருள். இன்னும் எளிமையான கருவிக்கு மாறுவதே அதற்குத் தீர்வு.