பல்லில் பதிந்த பருவங்கள்

திருப்பதிக்கு அருகில் உள்ள ரேணிகுண்டா, 2022ஆம் ஆண்டுவரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்குப் பழைய கற்கால மக்கள் செய்த கல் அலகுகளையும் உளிகளையும் தொல்லியல் அறிஞர் எம்.எல்.கே. மூர்த்தி 1960களில் ஆராய்ந்தார். அக்கருவிகளைச் செய்தோர் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்கினரா, பருவந்தோறும் இடம்பெயர்ந்தனரா? இதனைக் கல் கூறாது. அவர்கள் வேட்டையாடிய விலங்கின் பல் கூறும்.

பல்லின் வேரைச் சுற்றிப் பற்காரை என்னும் மெல்லிய உறை உண்டு. விலங்கு வாழும் காலமெல்லாம் அது அடுக்கடுக்காக வளர்கிறது. வளர்ச்சி மிகும் பருவத்தில் அகன்ற பட்டையும், வளர்ச்சி குன்றும் பருவத்தில் குறுகிய கோடும் உண்டாகின்றன. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்றே இவற்றை எண்ணி விலங்கின் வயதை அறியலாம். விலங்கு இறந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே, கடைசி அடுக்கு அது இறந்த பருவத்தைக் காட்டுகிறது. பல்லை மெல்லிய சீவலாக அறுத்துத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து இவ்வடுக்குகளைக் காண்பர்.

டேனியல் லிபர்மன் என்னும் அமெரிக்க அறிஞர், மேற்காசியாவில் பண்டை மக்கள் வேட்டையாடிய கசெல் மான்களின் பற்களை 1990களில் இம்முறையில் ஆராய்ந்தார். சில இடங்களில் மான்கள் ஒரே பருவத்தில் கொல்லப்பட்டிருந்தன. அவை பருவகாலத் தங்கிடங்கள் எனக் கருதப்பட்டன. வேறு சில இடங்களில் பல பருவங்களிலும் வேட்டை நடந்திருந்தது. அங்கு மக்கள் நெடுங்காலம் தங்கியிருக்கக்கூடும்.

ஆந்திரத்தில் இத்தகைய ஆய்வுக்குப் பற்கள் வேண்டுமெனில் குகைகளை நாட வேண்டும். கர்நூல் பகுதியின் சுண்ணாம்புக்கல் குகைகளில் விலங்கின் எலும்புகளும் பற்களும் அழியாமல் கிடைத்துள்ளன. 1880களில் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர்தம் மகனும் அங்கு அகழ்ந்தனர்.

எனினும், ஒரு நாட்டின் அளவுகோலை மற்றொரு நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். சித்தூர், திருப்பதிப் பகுதி தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டினாலும் நனைவது. இடையே கடுங்கோடையும் உண்டு. ஆதலால், இறந்த நாள் தெரிந்த இக்காலப் புள்ளிமான்களின் பற்களை முதலில் ஆராய்ந்து, எந்த அடுக்கு எப்பருவத்திற்கு உரியது எனத் தெளிதல் வேண்டும். ஒரு பல் ஒரு விலங்கின் இறப்பையே காட்டும். பல பற்கள் ஒத்துரைத்தால்தான் மக்களின் வாழ்க்கைமுறை புலப்படும்.

சிந்தித்து விடையளிக்க

1. பற்காரையின் கடைசி அடுக்கு எதனை உணர்த்துகிறது?
2. இக்கால விலங்குகளின் பற்களை முதலில் ஆராய்வது ஏன்?