மூன்று வாயில்கள்

மலைநாட்டில் மழை ஓயாத ஓர் ஆடி மாதத்திலே, அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எமது கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், பொலித்தீன் உறையிற் சுற்றிய கடதாசிக் கட்டொன்றை எம்மிடம் நீட்டினான். "சேர், அப்பாவோட சேமலாபக் காசு. அம்மாவ மூணு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றான்.

பிரித்துப் பார்த்தோம். செக்ரோலில் தகப்பனாருக்கு ஒரு பெயர். அடையாள அட்டையில் வேறொரு பெயர். மரணச் சான்றிதழிலோ லயத்தில் எல்லோரும் அழைத்த செல்லப் பெயர். மூன்றும் ஒருவரே என்பதைத் தோட்டம் முழுவதும் அறியும். அலுவலக மேசை அறியாது.

இஃது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த வினையன்று. தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதியது தோட்டத்துக் கந்தோர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் தொடங்கி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அம்முடிச்சு மெல்ல மெல்லவே அவிழ்ந்தது. ஆதலின் அடையாள அட்டையும் பலருக்குக் காலந்தாழ்ந்தே கிடைத்தது. தாலி கட்டியது மாரியம்மன் கோயிலில். பதிவுகாரரை நாடாதோர் பலர். பதியாத திருமணம் செல்லாது என்று அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் மனைவியின் தலையில் விழுகிறது. தோட்டங்களும் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியமையால், ஒருவரின் கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களில் சிதறிக் கிடக்கவும் கூடும்.

இதே மலையில் அரசாங்க ஆசிரியர் ஒருவர் காலமானால், அவர் மனைவிக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். தொழிலாளியின் மனைவிக்கு வருவது ஒரே தடவைப் பணம். அதையும் ஒரு வாயிலில் மட்டும் தட்டிவிட்டுத் திரும்புவோரே அதிகம். அந்த அம்மாவும் அப்படித்தான்.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, தோட்டம் 12 செலுத்தவேண்டும். உரிமை கோருவது தொழில் அலுவலகத்தின் மூலம். பணம் மத்திய வங்கியிலிருந்து வரும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு, அதற்குத் தோட்டம் மட்டுமே நூற்றுக்கு 3 செலுத்தும், விண்ணப்பமும் தனி. மூன்றாவது, 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பணிக்கொடை. ஐந்தாண்டு சேவை நிறைந்த நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம். இறந்தவரின் வாரிசுகள் அதைத் தோட்ட நிர்வாகத்திடமே கேட்கவேண்டும்.

பின்னுரித்தாளியின் பெயரைப் பதிந்திருந்தால் அலைச்சல் குறையும். இவரோ திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர். அக்கிழவி மகனுக்கு முன்பே போய்விட்டாள்.

மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் பெற்று, மூன்று விண்ணப்பங்களையும் எழுதிக் கொடுத்தோம். பணம் வர மாதங்கள் சென்றன, வந்தது. செய்தி சொல்ல வந்த தாய், தயங்கித் தயங்கித் தன் அடையாள அட்டையையும் சம்பளத் துண்டையும் எடுத்து வைத்தாள்.

"ஐயா, எம் பேராவது ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பின்னால புள்ள அலையக் கூடாது."

பார்த்தோம். இரண்டு விதமாக இருந்தது.