வெளிநாட்டில் தைத்த சட்டையை வாங்கலாமா?

ரெடிமேட் சட்டையின் கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிச் சீட்டு இருக்குமே, அதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? உறுத்துகிறதென்று வெட்டி எறிவதோடு சரி! அமெரிக்காவில் இருக்கும் என் ஓர்ப்படி அதைப் படிக்கிறவள். "அக்கா, இங்கே எதைப் புரட்டினாலும் பங்களாதேஷ், வியட்நாம், இந்தியான்னுதான் போட்டிருக்கு. 'உள்ளூர்க்காரங்களை வேலையை விட்டு அனுப்பிட்டு, கூலி மலிவுன்னு வெளிநாட்டில் தைச்சு வாங்குற கம்பெனிக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்?'னு என் சிநேகிதி கேட்கிறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை" என்றாள்.

அந்தச் சிநேகிதியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஜீன்ஸுக்குப் பேர்போன லீவைஸ் கம்பெனி அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தது. அங்கே மிச்சமிருந்த தன் கடைசி ஆலைகளையும் மூடப்போவதாக 2003-ல் அறிவித்தது. 1990-ல் அந்த நாட்டின் ஆடைத் தொழிலில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். இன்று ஒரு லட்சம் பேர்கூட இல்லை. போன வேலைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. ஐம்பது வயதில் தையல் மெஷினை விட்டு எழுந்தவளிடம், "உலக வர்த்தகம் பெருகுகிறது" என்று சொன்னால் வயிறு நிறையுமா?

ஆனால் அவளை விட்டுப் போன வேலை எங்கே வந்தது? எங்கள் கோவைக்குப் பக்கத்துத் திருப்பூருக்கும்தான் வந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகள் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். கேள்வியை அந்த அம்மாளிடமே போட்டேன். "ஏனுங்க, அவங்க வாங்காட்டி எம்புள்ளைக்கு ஏதுங்க பொழப்பு? அவ சம்பளத்துலதானுங்க சின்னவன் படிக்கறான்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒன்றரை ஷிப்ட் நின்னுட்டு வந்தா காலு வீங்கிப் போகுதுங்க" என்றும் சொன்னார். வேலையும் வேண்டும், அது ஆளை வதைக்காமலும் இருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

"வாங்காதே!" என்று ஒரே போடாகப் போட்டால் என்ன ஆகும்? 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின், குழந்தைகளை வேலை வாங்கித் தயாரித்த பொருள்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். எண்ணம் நல்லதுதான். மசோதா சட்டமாகக்கூட ஆகவில்லை. ஆனால் பயந்துபோன பங்களாதேஷ் ஆலை முதலாளிகள், சுமார் 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகள். அவர்களில் பலர் கல் உடைக்கவும், அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனதாக 1997-ல் யூனிசெப் எழுதியது. 1995-ல் முதலாளிகள் சங்கமும், யூனிசெப்பும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பந்தம் போட்டு, பள்ளிக்கூடத்துக்கும் மாத உதவித் தொகைக்கும் வழி செய்யவேண்டி வந்தது.

சரி, வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தால்? அதன் பலனையும் பார்த்துவிட்டோம். டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23-ந் தேதி சுவரில் விரிசல் கண்டது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேல் மாடிகளில் தைத்துக்கொண்டிருந்த பெண்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அவர்கள் தைத்ததெல்லாம் ஐரோப்பா, அமெரிக்காவில் விற்கும் துணிகள்.

அதன்பிறகுதான் வாங்குகிறவர்கள் உலுக்கிக் கேட்டார்கள். அடுத்த மாதமே கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் அதில் சேர்ந்தன. என்ஜினீயர்கள் ஆலை ஆலையாகச் சோதித்தார்கள். கோளாறைச் சரி செய்யாத ஆலைக்கு ஆர்டர் கிடையாது. தொழிலாளர்களும் தெருவில் இறங்கிப் போராட, 3,000 டாக்காவாக இருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்த வருஷக் கடைசியிலேயே 5,300 ஆனது. 2023-ல் 12,500.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 2021-ல் திண்டுக்கல் பக்கத்து ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொலையானாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடவில்லை. 2022-ல் ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டுக் கம்பெனியும் அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆலைக்குள் பெண்களுக்குத் தொந்தரவு என்றால் அவர்கள் பயமில்லாமல் புகார் சொல்ல வழி பிறந்தது.

ஆகவே, வேலை கடல் தாண்டிப் போனது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கம்பெனியை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே அவளையும் கைவிட்டு, இங்கே இவளையும் வதைக்கிற கம்பெனிக்கு நம் காசு போகக் கூடாது என்பதுதான் என் கட்சி. அதற்கு நம்மால் ஆகிற காரியங்கள்:

* துணி எந்த நாட்டில் தைத்தது என்று சீட்டைப் பாருங்கள். எந்தெந்த ஆலைகளில் தைக்கிறோம் என்ற பட்டியலைச் சில கம்பெனிகள் பகிரங்கமாக வெளியிடுகின்றன. ஒளிக்காதவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

* தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் உண்டா என்று கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் மேலிடத்துக்கு உறைக்கும்.

* சல்லிசு என்று நாலு வாங்கி நாலே மாதத்தில் கிழிப்பதைவிட, ஒன்று வாங்கி நாலு வருஷம் உடுத்துங்கள்.

* அங்கே வேலை செய்கிற தொழிலாளர்களே "எங்கள் கம்பெனித் துணியை வாங்காதீர்கள்" என்று கேட்டால், யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள். அவர்கள் கேட்காதபோது நாமாக அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

சகோதரிகளே, உங்கள் அபிப்பிராயம் என்ன? எழுதுங்களேன்.