ஐ.பி. முகவரி மாறினால் வங்கிக் கணக்கு முடங்குமா?

சில மாதங்களுக்கு முன் மாரிகுப்பத்தைச் சேர்ந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசியை இறுகப் பற்றியபடி எங்கள் கிளைக்குள் வந்தார். அவருடைய கணவர் தங்கச் சுரங்கத்தில் பணியாற்றியவர். மகன் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று திரும்புபவர். அந்த அம்மையாரின் மறு கையில் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் இருந்தன.

"சார், எங்க அட்ரஸ் மாறிடுச்சாம். அதனால கணக்கை முடக்கப் போறாங்களாம். நாப்பது வருஷமா அதே லைன் வீட்டுலதான் சார் இருக்கோம். எப்படி மாறும்?" என்றார்.

பொறுமையாக விசாரித்தபோது செய்தி விளங்கிற்று. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகக் கூறிய ஒருவர், "உங்கள் ஐ.பி. முகவரி மாறியிருக்கிறது. வேறு ஊரிலிருந்து யாரோ உங்கள் கணக்கை இயக்குகிறார்கள். அதை நிலையான முகவரியாக மாற்றாவிட்டால் மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும். இப்போது வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். அம்மையாரின் காதில் விழுந்தது 'முகவரி' என்ற சொல் மட்டுமே. வீட்டு முகவரிக்கான சான்றுகளை எடுத்துக்கொண்டு நேரே கிளைக்கு வந்துவிட்டார். அந்தத் தவறான புரிதலே அன்று அவருடைய சேமிப்பைக் காப்பாற்றியது.

ஆனால், எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. ஐ.பி. முகவரி என்பதை ஓரளவு கேள்விப்பட்டவர்கள்தாம் இத்தகைய பேச்சில் எளிதாகச் சிக்குகின்றனர். எனவே அந்த முகவரி என்ன, அது ஏன் மாறுகிறது, நிலையான முகவரி யாருக்குத் தேவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

ஐ.பி. முகவரி என்பது யாது?

இணையத்தில் ஒரு கருவி மற்றொரு கருவிக்குத் தகவல் அனுப்ப வேண்டுமாயின், அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்பதைக் குறிக்கும் எண்கள் வேண்டும். அஞ்சலுறையின்மேல் எழுதும் முகவரியைப் போன்றது இது. 203.0.113.25 என்பது போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக இது எழுதப்படும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

இப்போதும் பரவலாக வழங்கும் இம்முறையின் வரையறை 1981 இல் வெளியானது. இதில் அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அன்று அது வற்றாத கடலாகத் தோன்றியது. இன்றோ இந்தியாவின் மக்கள்தொகை மட்டுமே 140 கோடியைக் கடந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று கைப்பேசிகள், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி என இணையத்தோடு இணைந்தவை பெருகிவிட்டன. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த இத்தகைய முகவரிகளின் கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன.

தட்டுப்பாடு வந்தால் பகிர்ந்துகொள்வதே வழி. முகவரிகள் மாறுவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

முன்பதிவு இருக்கையும் சீசன் டிக்கெட்டும்

நம் ஊர் ரயிலைக் கொண்டே இதனைப் புரிந்துகொள்ளலாம். பங்காரப்பேட்டையிலிருந்து சுரங்கப் பகுதிக்கு 1894 இல் ரயில் பாதை அமைந்தது. அதன் கடைக்கோடி நிலையம் மாரிகுப்பம். 2001 இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறுவோர் பலருக்கும் பெங்களூருதான் பிழைப்பிடம்.

சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு எந்த இருக்கை என்று எண் குறிக்கப்படுவதில்லை. இன்று சன்னலோரம், நாளை நடுவில், மறுநாள் நின்றுகொண்டே பயணம். அவர் எழுந்து சென்ற இருக்கையில் அடுத்த நிமிடம் வேறொருவர் அமர்வார். ஆயினும் சீசன் டிக்கெட் அவருடையதே. பரிசோதகர் பார்ப்பதும் அதைத்தான்.

மாறும் ஐ.பி. முகவரி இந்த இருக்கையைப் போன்றது. இணையச் சேவை நிறுவனம் தன் வசமுள்ள முகவரிகளிலிருந்து ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைபோல் நமக்கு வழங்குகிறது. குத்தகை முடிந்தாலோ, மின்தடையால் ரவுட்டர் அணைந்து மீண்டும் இயங்கினாலோ, வேறொரு முகவரி வரக்கூடும். நேற்று நம்மிடம் இருந்த எண் இன்று ராபர்ட்சன்பேட்டையில் ஒருவருக்குப் போயிருக்கலாம்.

நிலையான ஐ.பி. முகவரியோ முன்பதிவு செய்த இருக்கை. ரவுட்டரை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் அதே எண் நமக்கெனவே இருக்கும். அதற்கு இணையச் சேவை நிறுவனம் பெரும்பாலும் தனிக் கட்டணம் பெறும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை இந்தியாவில் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சுழற்றி இணைய வேண்டியிருந்தது. அத்தகைய இணைப்பில், அழைப்பு கிடைத்தவருக்கு அந்நேரம் ஒதுங்கியிருந்த முகவரி கிடைக்கும். அழைப்பை முடித்ததும் அது அடுத்தவருக்குப் போகும்.

ஒரு முகவரி, பல வீடுகள்

இன்று பகிர்வு இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறது. நம் வீட்டுக்குள் இரண்டு வகை முகவரிகள் இயங்குகின்றன. கைப்பேசி, கணினி ஆகியவற்றுக்கு ரவுட்டர் வழங்கும் 192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். வெளியுலகம் காண்பது சேவை நிறுவனம் வழங்கும் பொது முகவரியை.

பல நிறுவனங்கள் அந்தப் பொது முகவரியையும் ஒரே நேரத்தில் பல வீடுகளுக்குப் பொதுவாக்கிவிடுகின்றன. இதனைத் தொழில்நுட்ப வல்லுநர்கள் 'சி.ஜி.நாட்' என்பர். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்புக்குரிய எண் 100.64 முதல் 100.127 வரையான தொடக்கத்தைக் கொண்டிருந்தால், நீங்களும் இப்படிப் பகிர்ந்துகொள்பவரே.

இதற்கு நிரந்தரத் தீர்வாக வந்தது ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதில் முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்தியக் கைப்பேசி வலைப்பின்னல்களில் அது பரவலாகிவிட்டது. எனினும் அதிலும் வீட்டுக்குரிய எண் அவ்வப்போது மாறக்கூடும்.

வங்கி எதைக் கொண்டு உங்களை அறிகிறது?

வாடிக்கையாளர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுதான்: ஐ.பி. முகவரி உங்கள் அடையாளம் அன்று. அது ஓர் இருக்கை எண். உங்கள் சீசன் டிக்கெட் என்பது பயனர் பெயர், கடவுச்சொல், பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவையே. இவை உங்கள் வசம் இருக்கும்வரை முகவரி எத்தனை முறை மாறினும் கணக்குக்குக் குறைவில்லை.

அப்படியாயின் வங்கி அம்முகவரியைக் கவனிப்பதே இல்லையா என்று கேட்கலாம். கவனிப்பதுண்டு. வழக்கத்துக்கு மாறான இடத்திலிருந்தோ புதிய கருவியிலிருந்தோ உள்நுழைவு நிகழ்ந்தால், மென்பொருள் கூடுதல் சரிபார்ப்பைக் கேட்கலாம். அந்த மதிப்பீட்டில் ஐ.பி. முகவரி பல குறிப்புகளுள் ஒன்று. அது மாறியதை மட்டுமே காரணமாக்கி வங்கி அலுவலர் உங்களை அழைத்து ஓ.டி.பி. கேட்கமாட்டார். எந்தக் காரணத்துக்காகவும் கேட்கமாட்டார்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுவோம். மாரிகுப்பத்தில் அமர்ந்து இணைய வங்கியைத் திறந்தவருக்கு, 'பெங்களூருவிலிருந்து உள்நுழைவு' என்று எச்சரிக்கை வரலாம். ஐ.பி. முகவரியைக் கொண்டு ஊரைக் கணிப்பது தோராயமே. சேவை நிறுவனத்தின் இணைப்பு எந்நகர் வழியே வெளிச்செல்கிறதோ அந்நகரின் பெயரே பெரும்பாலும் காட்டப்படும். அந்நேரத்தில் நீங்களே உள்நுழைந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் நுழையாத நேரத்தில் அச்செய்தி வந்தால், ஊர்ப் பெயர் எதுவாயினும் உடனே கடவுச்சொல்லை மாற்றி வங்கிக்குத் தெரிவியுங்கள். ஊரைவிட நேரமே நம்பத்தக்க சான்று.

நிலையான முகவரி யாருக்குத் தேவை?

காணொளி காணவும், மின்கட்டணம் செலுத்தவும், இணைய வங்கியைப் பயன்படுத்தவும் அது தேவையில்லை. கீழ்க்காண்போருக்கு அது பயன்படும்.

வீட்டிலிருந்து பணிபுரிவோர்: சில நிறுவனங்கள் முன்னரே பதிவு செய்த முகவரியிலிருந்து வருவோரை மட்டுமே தம் கணினிகளுக்குள் அனுமதிக்கும். நிறுவனம் வி.பி.என். வசதி வழங்கினால் பெரும்பாலும் இத்தேவை எழாது. முதலில் அலுவலகத்தைக் கேட்டறிக.

தொழில் கணக்கு வைத்திருப்போர்: தம் கணக்கு மென்பொருளை வங்கியின் கணினியோடு நேரடியாக இணைக்கும் நிறுவனங்கள் நிலையான முகவரியைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

மென்பொருள் வழித் தானியங்கிப் பங்கு வணிகம் செய்வோர்: 2025 பிப்ரவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, தரகு நிறுவனத்தின் கணினியோடு தம் நிரலை இணைப்போருக்கு நிலையான முகவரியை வலியுறுத்துகிறது. கைப்பேசிச் செயலியில் சாதாரணமாகப் பங்கு வாங்கி விற்போருக்கு இது பொருந்தாது.

கண்காணிப்பு கேமரா வைத்திருப்போர்: பதிவுக் கருவியை வெளியூரிலிருந்து நேரடியாக அணுகுவோருக்கு இது உதவும். செயலி வழியே இயங்கும் இக்காலக் கேமராக்களுக்குத் தேவையில்லை.

நிலையான முகவரி கூடுதல் பாதுகாப்பைத் தரும் என்பது தவறான எண்ணம். மாறாத முகவரியில் திறந்த கதவு இருப்பின், அதைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பது திருடனுக்கு எளிது. 2016 இல் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையில் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில் நடத்திய தாக்குதலால் உலகின் பெரிய இணையத்தளங்கள் பலவும் சில மணி நேரம் முடங்கின. ஆகவே முகவரி எவ்வகையாயினும் ரவுட்டர், கேமரா ஆகியவற்றின் முதல் கடவுச்சொல்லை மாற்றுவதே முதற்கடமை.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை

'ஐ.பி. மாறிவிட்டது', 'ஐ.பி. முடக்கப்பட்டது' என்று அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள். வங்கிப் புத்தகத்திலோ பற்று அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணில் நீங்களே வங்கியை அழையுங்கள்.

திரையைப் பகிரும் செயலி எதனையும் பிறர் சொல்லி நிறுவாதீர்கள்.

வங்கித் தள முகவரியை நீங்களே தட்டச்சிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2025 ஆம் ஆண்டு அறிவிப்பின்படி இந்திய வங்கிகளின் தளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' என்னும் முடிவுக்கு மாற வேண்டும். அம்முடிவைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாதீர்கள். உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகளின்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி நிகழ்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்திருப்பின், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பின் நிகழ்வது வங்கியைச் சாரும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ஒரே முகவரியைப் பலரும் பயன்படுத்துவதால், அந்த எண் மட்டும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காது. எந்த நாள், எந்த நிமிடம் என்பது தெரிந்தால்தான் அப்போது அதைப் பயன்படுத்தியவரைப் புலனாய்வாளர் தேட இயலும்.

அன்று வந்த அம்மையாரிடம், "உங்கள் வீட்டு முகவரியும் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. அந்த ஆறு இலக்க எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள் அம்மா" என்றோம். அவர் கைப்பேசியில் அந்தக் குறுஞ்செய்தி அப்படியே இருந்தது. பத்து நிமிடங்களில் கடவுச்சொல்லை மாற்றிக்கொடுத்தோம். அட்டைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். ஐயம் எழும்போது அவரைப் போலவே நேரே கிளைக்கு வாருங்கள். எந்தக் கேள்வியையும் சிறியதாக நாங்கள் கருதுவதில்லை.