‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’: செஞ்சி வீட்டுப் பரணில் கிடைத்த 7 நிமிட நாகஸ்வரம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் ‘ஒலியும் ஒளியும்’. டி.வி இருக்கும் வீட்டுக் கூடம் நிறைந்து, ஜன்னல் கம்பியிலும் நாலு பிள்ளைகள் தொங்கும். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஞ்சியில் அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு. ஒருவர் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனா கம்பத்தைத் திருப்புவார். கீழே இருப்பவர் “தெரியுது... தெரியுது... அய்யோ போச்சு!” என்று கத்துவார். பூஸ்டர் வாங்கிப் போட்டும் புள்ளி புள்ளியாகத்தான் படம் தெரியும் என்பார் அம்மா. எனக்கு விவரம் தெரிந்தபோது ஊருக்கு கேபிளே வந்துவிட்டது.

அந்த ‘ஒலியும் ஒளியும்’ எபிசோடுகளை இன்று யூடியூபில் தேடுபவர்கள் ஏராளம். உண்மையில் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதில் ஓடியவை சினிமாப் பாடல்கள். நிகழ்ச்சி தொலைந்தாலும் படங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. தொலைந்தால் திரும்பக் கிடைக்காதது வேறு: டி.வி ஸ்டுடியோவுக்கு வந்து, கேமரா முன் உட்கார்ந்து, பாடிவிட்டும் வாசித்துவிட்டும் போனவர்களின் பதிவுகள். கர்நாடக சங்கீதக் கச்சேரி, மெல்லிசை, கிராமியப் பாட்டு, நாகஸ்வரம். அந்த அரை மணி நேரத்துக்கு வேறு பிரதியே கிடையாது.

10 மாதத்தில் தவறிய செம்பை!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அரியக்குடி 1967-லும், மதுரை மணி ஐயர் 1968-லும் மறைந்துவிட்டார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் மறைந்தது 1974 அக்டோபரில். இன்னும் 10 மாதம் இருந்திருந்தால் சென்னை டி.வி-யில் பாடியிருக்கலாம். அதற்குப் பின்பும் இருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல்.

அன்றைக்கு வீடியோ டேப் என்பது வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய விலை உயர்ந்த பொருள். ஒரு டேப்பில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, ஒளிபரப்பி, பிறகு அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். தூர்தர்ஷனின் ஆரம்பகால நிகழ்ச்சிகள் பல இப்படிப் போனவைதான். யாரையும் திட்ட முடியாது. டி.வி.டி, யூடியூப் எதுவும் கற்பனையில்கூட இல்லாத காலம். வெளிப்புறக் காட்சிகள் சிலவற்றை 16 எம்.எம் ஃபிலிமில் எடுத்தார்கள். ஃபிலிமை அழித்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது என்பதால், அவை தப்பிக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

பணக்கார பிபிசி-யும் இதையேதான் செய்தது! 1964 ஜனவரி 1-ல் தொடங்கிய ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ இங்கிலாந்தின் மிகப் பிரபலமான இசை நிகழ்ச்சி. அதன் முதல் சில ஆண்டு எபிசோடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1966 ஜூன் 16 அன்று பீட்டில்ஸ் குழுவே நேரில் வந்து அதில் பாடியது. அந்த டேப்பும் போச்சு!

அது எங்கிருந்து திரும்பி வந்தது தெரியுமா? ஒரு வீட்டிலிருந்து. அன்றைக்கு ஒரு குடும்பம் தங்கள் 8 எம்.எம் சினி கேமராவை டி.வி திரைக்கு நேராகப் பிடித்திருக்கிறது. 2019-ல் கிடைத்த அந்தத் துண்டு வெறும் 11 விநாடி, அதுவும் சத்தமே இல்லாமல். இன்னொரு கதை டேவிட் போவியுடையது. 1973 ஜனவரியில் அவர் அதே நிகழ்ச்சியில் பாடியதை, ஜான் ஹென்ஷால் என்ற கேமராமேன் தன்னுடைய லென்ஸ் வேலையைக் காட்டுவதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் என்பது 2011-ல்தான் அவருக்கே தெரிந்தது.

நிலையத்தில் இல்லாதது நிலையத்துக்கு வெளியே இருக்கிறது. நம் ஊரிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒரு வித்தியாசம். 1975-லிருந்து 80-களின் நடுப்பகுதி வரை இங்கே வீட்டில் வீடியோ ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. கே.பி.சுந்தராம்பாள் மறைந்தது 1980-ல். அந்த 10 ஆண்டுகளில் டி.வி-யில் வந்தவற்றுக்கு வீட்டுப் பிரதி கிடைப்பது குதிரைக் கொம்பு. கலைஞர்கள் கேட்டு வாங்கி வைத்திருந்தால் உண்டு. அதற்குப் பிறகுதான் துபாய், சிங்கப்பூர் போனவர்கள் ‘டெக்’ வாங்கி வந்தார்கள்.

செலோடேப் ஒட்டிய கேசட்

இந்தக் கட்டுரைக்காகத் தேட ஆரம்பித்தபோது, முதலில் போய் நின்றது செஞ்சி பக்கத்து கிராமத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில்தான். துபாயிலிருந்து டெக் கொண்டு வந்தவர் பெரியப்பா. இப்போது அவர் இல்லை. பரணில் ஒரு அட்டைப்பெட்டி. “அதுல இன்னாத்துக்கும்மா கை வக்கிற, ஒரே பூஞ்சக்காளான்” என்றார் பெரியம்மா. 11 கேசட்டுகள். ஒன்றில் மட்டும் ‘93 திருவிழா - அப்பா’ என்று பால்பாயின்ட் பேனா எழுத்து.

அப்பா என்றால் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் அப்பா, என் தாத்தா. தெருக்கூத்தில் முகவீணை வாசித்தவர். செஞ்சிப் பக்கம் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வரி. இது திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய் மண். தீமிதி என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. அந்தக் கூத்தில் பாட்டுக்குக் கூடவே ஓடி வரும் சின்ன நாகஸ்வரம் மாதிரியான கருவிதான் முகவீணை. வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தாத்தா வாசித்து நான் கேட்டதில்லை.

வி.எச்.எஸ் கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. முக்கியமான கேசட் என்றால் உடைத்துவிடுவார்கள். அப்புறம் காலி கேசட் அவசரமாகத் தேவைப்பட்டால், அந்த ஓட்டை மேல் செலோடேப் ஒட்டுவார்கள். மெஷின் ஏமாந்து பதிவு செய்துவிடும். பிபிசி செய்ததைத்தான் நாம் செலோடேப் வைத்துச் செய்தோம்!

தாத்தா கேசட்டிலும் செலோடேப் இருந்தது. அதாவது, திருவிழாவுக்கு முன்னால் அதில் காப்பாற்ற வேண்டும் என்று பெரியப்பா நினைத்த ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

உடனே போட்டுப் பார்க்காதீர்கள்!

பழைய கேசட் கிடைத்ததும் நம் முதல் ஆசை பிளேயரில் போடுவது. அதைத்தான் செய்யக் கூடாது. டேப் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிவது பூஞ்சை. ஓட்டினால் டேப் ஒட்டிக்கொண்டு கிழியும். பிளேயரின் ஹெட்டில் படிந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாங்கள் கொடுத்த இடத்தில் ஓட்டைப் பிரித்து, டேப் சுருளைச் சுத்தமான வேறு ஓட்டுக்கு மாற்றி, மென்மையான துணியில் ஒற்றி ஒற்றி மெதுவாகச் சுற்றினார்கள். ஒரு கேசட்டுக்கு அரை நாள்.

பூஞ்சை இல்லாமலேயே வேறொரு வியாதியும் உண்டு. டேப் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசை வைத்து ஒட்டிய இரும்பு ஆக்ஸைடு துகள்கள். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து அந்தப் பசை பிசுபிசுத்துவிடும். நிலையங்களில் இருந்த பழைய பெரிய டேப்புகளுக்கு இது அதிகம். ஆய்வகங்களில் சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை எடுத்து, பசை மறுபடி இளகுவதற்குள் நகலெடுத்துவிடுவார்கள். டேப்பைச் சமைப்பது என்றே இதைச் சொல்லலாம். தயவுசெய்து வீட்டு அவனில் முயற்சி செய்ய வேண்டாம்.

பிறகு படம் நடுங்காமல் இருக்க ஒரு கருவி வழியாக கம்ப்யூட்டருக்கு. அவ்வளவுதான், இதில் பெரிய மாயாஜாலம் இல்லை. மாயாஜாலம் செய்கிறோம் என்று வருபவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். ஏ.ஐ போட்டு ‘4கே’ ஆக்கித் தருகிறோம் என்பார்கள். ஏ.ஐ, இல்லாததைத் தானாக வரைந்து நிரப்பும். சோதனைக்கு ஒரு நிமிடம் செய்து பார்த்தேன். தாத்தா முகம் பளபளவென்று வந்தது, ஆனால் அது தாத்தா முகம் இல்லை என்றார் அம்மா. அதைவிட மோசம், விரல்கள். எந்த விரல் எந்தத் துளையை மூடுகிறது என்பது மங்கலான அசலில் தெரிந்தது. 4கே-வில் எல்லாம் குழைந்துபோய்விட்டது. நாளைக்கு முகவீணை கற்றுக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு அசல்தான் பாடப்புத்தகம். அழகுபடுத்துவதை நகலில் செய்யுங்கள், அசல் கோப்பைத் தொடாதீர்கள்.

கல்லுக்கு ஒரு பட்டியல், டேப்புக்கு ஓர் எச்சரிக்கை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது நினைவிருக்கும். மராத்தியர் காலத்தோடு தொடர்புடைய 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது மட்டுமே. ஊரே கொண்டாடியது. அதே யுனெஸ்கோ 2019-ல் காந்த டேப்புகளுக்காகவும் ஓர் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கியது. டேப் நன்றாகவே இருந்தாலும், ஓட்ட மெஷினும் உதிரி பாகங்களும் இல்லாமல் 2025 வாக்கில் நகலெடுக்கவே முடியாத நிலை வரும் என்பதுதான் அதன் சாரம். கடைசியாக வி.எச்.எஸ் பிளேயர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் கம்பெனி 2016-லேயே நிறுத்திவிட்டது. ராஜகிரி மலை எங்கேயும் போகாது. பரணில் இருப்பது போய்க்கொண்டிருக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. பிரசார் பாரதி தன்னிடம் மிஞ்சியிருப்பவற்றை டிஜிட்டலாக்கி, ஆவணக் காப்பக யூடியூப் சேனலிலும், 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ ஓ.டி.டி-யிலும் ஏற்றிவருகிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து பதிவு செய்த இசையின் பிரதிகளை, 1982-ல் தொடங்கப்பட்ட ‘ஆர்ச்’ என்ற இசையியல் காப்பகம் குருகிராமில் பாதுகாக்கிறது. செஞ்சியின் திரௌபதி திருவிழாக்களை ஆல்ஃப் ஹில்டேபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வீடியோவாக எடுத்து 1988-ல் வெளியிட்டார். நம் ஊர்க் கூத்தை அமெரிக்க நூலக அட்டவணையில் தேட வேண்டியிருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, தாத்தா கேசட்டுக்கு வருவோம். அது 3 மணி நேர கேசட். 2 மணி 48 நிமிடம் கூத்து. நடுவில் சில இடங்களில் படம் கிழிந்து ஓடுகிறது, ஆனால் முகவீணை கேட்கிறது. அம்மாவும் பெரியம்மாவும் முழுவதும் உட்கார்ந்து பார்த்தார்கள். கூத்து முடிந்ததும் திரை ஒரு குதி குதித்தது. செலோடேப்புக்கு முந்தைய பதிவு எட்டிப் பார்த்தது: டி.வி ஸ்டுடியோ, பின்னால் திரைச்சீலை, ஒரு நாகஸ்வரம், இரண்டு தவில். சரியாக 7 நிமிடம். வாசிப்பு உச்சத்துக்குப் போகும்போது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. அந்த அட்டையைப் பார்த்ததும் அது தூர்தர்ஷன் என்று சொல்ல எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதோடு பதிவு நின்றுவிட்டது.

கலைஞரின் பெயர் போட்ட ஆரம்பப் பகுதியின் மேல்தான் தாத்தா கூத்து பதிவாகியிருக்கிறது. யார் வாசிப்பு என்று பெரியம்மாவுக்கு நினைவில்லை. செஞ்சியில் நாகஸ்வரம் வாசிக்கும் இரண்டு பேரிடம் போட்டுக் காட்டினோம். ராகம் கரகரப்பிரியா என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. வாசிப்பவரை இருவருக்குமே தெரியவில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் தவில்காரரை மட்டும் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று மூத்தவர் சொல்லி, அந்த இடத்தை நான்கு முறை திரும்ப ஓட்டச் சொன்னார். வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். திண்டிவனத்தில் ஒரு பெரியவர் இருக்கிறாராம், அவரிடம் காட்ட வேண்டும் என்கிறார்.